உங்கள் பள்ளி மாவட்டத்தில் இனப் பிரிவினை எங்கே நிற்கிறது: அளந்து பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் பல, வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளியைப் பார்த்துவிடுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஊர்ப் பெயரைப் போட்டதுமே, அங்குள்ள பள்ளியின் ரேட்டிங் பத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும். அந்த எண்ணைப் பெருமளவு தீர்மானிப்பது தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. வருமானம் இனத்தோடும், இனம் குடியிருக்கும் தெருவோடும் இன்னும் பின்னிக்கிடக்கும் நாடு இது. ஆகவே ரேட்டிங்கை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர், தாம் நினைக்காமலேயே, தம் பிள்ளையோடு யார் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், தம் ஊரில் பிள்ளைகள் இனவாரியாக எப்படிப் பிரிந்துகிடக்கிறார்கள், அந்தப் பிரிவினையை முடிவு செய்பவர் யார், அதை மாற்றச் சட்டப்படி எதைக் கேட்கலாம் என்பவற்றை அறிந்துகொள்ள இந்த வழிகாட்டி உதவும். இதற்குத் தேவைப்படும் கணக்கு கூட்டலும் வகுத்தலும்தான். பொறுமைதான் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளைப் பொறுத்தவரை அந்தக் கொள்கைக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று எந்தச் சட்டமும் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வதில்லை. அப்படியிருந்தும், 2020–21 கல்வியாண்டில் நாட்டின் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 1.85 கோடிப் பேர், முக்கால்வாசிப் பேரோ அதற்கு மேலோ ஒரே இனத்தவராக இருக்கும் பள்ளிகளில் படித்தார்கள் என்று அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2022இல் கணக்கிட்டுச் சொன்னது. பிரிவினை நிலைத்திருப்பதற்குக் காரணம், அது மூன்று வெவ்வேறு இடங்களில் கோடாகப் போடப்பட்டிருப்பதுதான்: இரு பள்ளி மாவட்டங்களுக்கு இடையே, ஒரே மாவட்டத்தின் இரு பள்ளிகளுக்கு இடையே, ஒரே பள்ளியின் இரு வகுப்பறைகளுக்கு இடையே. ஒவ்வொரு கோட்டையும் மாற்றும் அதிகாரம் வேறு வேறு கைகளில் இருக்கிறது. எந்தக் கோடு என்று தெரியாமல் பேசப் போகிறவர், சம்பந்தமில்லாத மேசையில் மனுவை வைத்துவிட்டுத் திரும்புவார்.

எண்களை எங்கே எடுப்பது

மூன்று இடங்கள் போதும். தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால், இனவாரி மாணவர் எண்ணிக்கையும் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றோர் எண்ணிக்கையும் கிடைக்கும். ஒவ்வொரு மாநிலமும் வெளியிடும் பள்ளி அறிக்கை அட்டையில், 2015ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, அந்தந்தப் பள்ளியில் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதும் இருக்க வேண்டும். மூன்றாவது, கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் 1968 முதல் திரட்டிவரும் தரவுத் தொகுப்பு. உயர்நிலை வகுப்புகளில் யார் இருக்கிறார்கள், யார் இடைநீக்கம் செய்யப்படுகிறார்கள் என்பதை இனவாரியாக அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

எடுத்த எண்களைப் படிப்பதில் சில எச்சரிக்கைகள் உண்டு. பள்ளிகள் மாணவர்களை ஏழு இனப் பிரிவுகளில் பதிவு செய்கின்றன; நம் பிள்ளைகள் சீனர், கொரியர், வியட்நாமியரோடு சேர்ந்து ஆசியர் என்ற பிரிவில் வருவார்கள். மாவட்ட அலுவலகம் "எங்கள் மாணவர்களில் 70 விழுக்காட்டினர் சிறுபான்மையினர்" என்று பெருமையாகச் சொல்லும்போது, அதில் 60 பேர் ஆசியராகவும் கறுப்பினத்தவர் இரண்டு பேராகவும் இருக்கக்கூடும். வெள்ளையர் அல்லாதார் என்ற ஒரே மூட்டையாகக் கட்டினால் இது கண்ணுக்குத் தெரியாது. எனவே கறுப்பினத்தவரையும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களையும் தனித்தனியாகவே கணக்கிடுங்கள். ஆசியப் பிள்ளைகள் எப்போதும் கோட்டின் சாதகமான பக்கத்தில் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது. மிசிசிப்பி மாநிலத்தின் ரோஸ்டேல் ஊரில் மார்த்தா லம் என்ற சீன அமெரிக்கச் சிறுமி வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டபோது, அது சரிதான் என்று 1927இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

இலவச மதிய உணவு எண்ணிக்கையை வறுமையின் அளவுகோலாக எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது இப்போது அவ்வளவு நம்பகமானதல்ல. வறியோர் மிகுந்த பகுதிகளில் உள்ள பள்ளிகள் தனித்தனி விண்ணப்பம் வாங்காமல் எல்லா மாணவர்க்கும் இலவசமாக உணவு தர ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்வதற்கான தகுதி வரம்பு 2023இல் 40 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அத்தகைய பள்ளிக்கு நூற்றுக்கு நூறு என்று போட்டிருந்தால் எல்லோரும் ஏழைகள் என்று பொருளல்ல. மாநில அறிக்கையில் "பொருளாதாரத்தில் பின்தங்கியோர்" என்று தனிக் கணக்கு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருக்கும். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனிநபரை அடையாளம் காணாதிருக்க மறைத்துவிடுவார்கள். ஒரு பள்ளியில் கறுப்பின மாணவர் கட்டத்தில் நட்சத்திரம் இருப்பதே ஒரு செய்திதான்.

மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே

நம் ஊரில் மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி அமைப்பு. நாட்டில் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன, பெரும்பாலானவற்றை உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் நடத்துகிறது, வருவாயில் கணிசமான பகுதி அந்த எல்லைக்குள் உள்ள வீடு, நிலம், கடைகள் மீதான சொத்து வரியிலிருந்து வருகிறது. கூட்டாட்சி அரசு தருவது மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

இதன் விளைவை டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எழுந்த ரோட்ரிகஸ் வழக்கு தெளிவாகக் காட்டியது. எட்ஜ்வுட் மாவட்டத்தில் மாணவர்களில் 90 விழுக்காட்டினர் மெக்சிகோ வம்சாவளியினர். அதே நகரத்தின் ஆலமோ ஹைட்ஸ் மாவட்டம் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் பகுதி. 1967–68இல் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். கிடைத்தது 333 டாலர். அதிக விகிதத்தில் வரி கட்டியவருக்குத்தான் குறைந்த பணம். இருந்தும், கல்வி கூட்டாட்சி அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று கூறி, 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டே மில்லிகன் வழக்கில், டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துப் பிரிவினையை நீக்கும் திட்டத்தை, அதே ஐந்துக்கு நான்கில் அந்த நீதிமன்றம் ரத்து செய்தது. புறநகர்கள் தாமே குற்றம் செய்ததாக நிரூபிக்காதவரை அவற்றின் எல்லையைத் தாண்ட முடியாது என்பது அதன் சாரம். என் கருத்தில், பிரவுன் தீர்ப்பை வடமாநிலங்களில் செயலற்றதாக்கியது இந்த ஒரு முடிவுதான். நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போகிறவர், நீதிமன்றத்தின் கை எட்டாத இடத்துக்குப் போகிறார் என்று அது உறுதி செய்துவிட்டது.

இந்தக் கோட்டைப் பரிசோதிக்க, உங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தொட்டு நிற்கும் எல்லா மாவட்டங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு எண்கள்: கறுப்பின மாணவர் விழுக்காடு, லத்தீனோ விழுக்காடு, பொருளாதாரத்தில் பின்தங்கியோர் விழுக்காடு, ஒரு மாணவருக்கான செலவு. பத்து நிமிடக் கார்ப் பயணத்துக்குள் முதல் மூன்று எண்கள் பலமடங்கு மாறினால், கோடு அங்கேதான் இருக்கிறது. அந்த எல்லை வெறும் வரைபடக் கோடு அல்ல. ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் வாழ்ந்த ஒரு கறுப்பினத் தாய், தம் தந்தையின் முகவரியைக் காட்டி மகள்களைப் பக்கத்து மாவட்டப் பள்ளிக்கு அனுப்பியதற்காக 2011இல் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

இந்தக் கோட்டை அழிக்க உங்கள் பள்ளி வாரியத்தால் முடியாது. மாநிலச் சட்டமன்றமும் மாநில நீதிமன்றமும்தான் இங்கே பொருட்டு. நியூ ஜெர்சியில் ஆபட் வழக்குத் தொடரின் பயனாக 31 ஏழை மாவட்டங்களுக்கு மாநில நிதி பெருமளவு உயர்ந்தது. கனெக்டிகட்டில் 1996ஆம் ஆண்டின் ஷெஃப் தீர்ப்புக்குப் பின், ஹார்ட்ஃபர்ட் நகரப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மேக்னட் பள்ளிகள் (சிறப்புப் பாடத்திட்டத்தால் பல பகுதி மாணவர்களை ஈர்க்கும் பள்ளிகள்) உருவாயின. இரண்டும் மாநில அரசமைப்பை வைத்து வென்றவை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நிதிப் பங்கீட்டுச் சூத்திரம் பற்றியும், மாவட்டம் தாண்டிச் சேர்க்கும் திட்டத்தில் போக்குவரத்துச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது பற்றியும் கேளுங்கள். பேருந்து இல்லாத சேர்க்கை உரிமை, கார் இருப்பவருக்கு மட்டுமான உரிமை. கூடவே, பிரிந்துபோகும் முயற்சிகளையும் கவனியுங்கள்: 2013இல் மெம்பிஸ் நகரப் பள்ளிகள் ஷெல்பி கவுண்டி மாவட்டத்தோடு இணைந்தன, அடுத்த ஆண்டே ஆறு புறநகர்கள் தத்தம் தனி மாவட்டங்களை அமைத்துக்கொண்டன.

ஒரே மாவட்டத்துக்குள்: கணக்கைப் போட்டுப் பார்ப்பது

பெற்றோரின் குரலுக்கு அதிகப் பலன் கிடைக்கும் இடம் இதுதான். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற சேர்க்கை எல்லையை வரைவது வாரியம். வாரியத்தின் வாக்கெடுப்பில் அது மாறும்.

வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் எண் இல்லாமல் பேசினால் "அது உங்கள் அபிப்பிராயம்" என்று முடித்துவிடுவார்கள். அளவிடுவதற்கு வேறுபாட்டுக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு தொடக்கப் பள்ளிகள். மொத்தம் 400 கறுப்பின மாணவர்கள், 800 வெள்ளை மாணவர்கள். முதல் பள்ளியில் கறுப்பினத்தவர் 20, வெள்ளையர் 280. இரண்டாவதில் 40, 280. மூன்றாவதில் 140, 160. நான்காவதில் 200, 80.

முதலில், ஒவ்வொரு பள்ளியிலும் மாவட்டத்தின் மொத்தக் கறுப்பின மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: 5, 10, 35, 50. அதேபோல் மொத்த வெள்ளை மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர்: 35, 35, 20, 10. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் எழுதுங்கள்: 30, 25, 15, 40. கூட்டினால் 110, பாதியாக்கினால் 55. நூற்றுக்கு 55 என்பதன் பொருள், எல்லாப் பள்ளிகளிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டுமானால் கறுப்பின மாணவர்களில் 55 விழுக்காட்டினர் வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருக்கும் என்பது. பொதுவாக 30க்குக் கீழ் இருந்தால் குறைவு, 60க்கு மேல் போனால் கடுமை என்று கொள்வார்கள்.

55 என்ற எண்ணை வாரிய உறுப்பினர் உடனே உணர மாட்டார். அதனால் இன்னொரு கணக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சராசரிக் கறுப்பினப் பிள்ளையின் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் எத்தனை பேர்? முதல் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளில் 5 விழுக்காட்டினர் இருக்கிறார்கள், அங்கே வெள்ளையர் 93 விழுக்காடு, இரண்டையும் பெருக்குங்கள். இப்படி நான்கு பள்ளிகளுக்கும் பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 46 விழுக்காடு வரும். மாவட்டம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வெள்ளையர் 67 விழுக்காடு. "நம் மாவட்டத்தில் மூன்றில் இருவர் வெள்ளையர், ஆனால் நம் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பாதிப் பேர்கூட இல்லை" என்பது எவருக்கும் புரியும் வாக்கியம். இதே கணக்கை வெள்ளையருக்குப் பதிலாக ஏழைப் பிள்ளைகளை வைத்தும் போடுங்கள். அதுவே இன்னும் முக்கியம் என்பேன். கறுப்பினப் பிள்ளைகள் வறுமை மிகுந்த பள்ளிகளில் குவிக்கப்படுவதுதான் மதிப்பெண் இடைவெளியோடு மிக நெருக்கமாகத் தொடர்புடையது என்பதை ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஷான் ரியர்டனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். மாவட்டம் முழுவதுமே ஒரே இனத்தவராக இருந்தால் இந்தக் குறியீடு மிகக் குறைவாக வரக்கூடும். பிரிவினை இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கோடு மாவட்ட எல்லைக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

குறியீடு உயர்வாக வந்தால், சேர்க்கை எல்லை வரைபடத்தை எடுத்து, எந்தத் துண்டு தன் அருகிலுள்ள பள்ளியை விட்டுத் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போகிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் எல்லையாக இருந்தால் அது இயல்பு என்று சொல்வார்கள்; 1930களில் கூட்டாட்சி நிறுவனம் ஒன்று கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று தரம் பிரித்த வரைபடங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன; உங்கள் நகரத்துக்கு அது இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பணத்தையும் இங்கேயே சரிபார்க்கலாம். அறிக்கை அட்டையில் இரு பள்ளிகளுக்கும் ஒரு மாணவருக்கான செலவு சமமாகத் தோன்றினால், அதில் கூட்டாட்சி அரசு ஏழைப் பள்ளிகளுக்குத் தரும் டைட்டில் ஒன் நிதி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அந்த நிதி உள்ளூர்ச் செலவுக்கு மேல் கூடுதலாகத் தரப்படுவது. அதைக் கழித்துப் பார்த்தால் உள்ளூர்ப் பணம் ஏழைப் பள்ளிக்குக் குறைவாகப் போவது சில சமயம் வெளிப்படும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும் நன்கொடை இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஒரே கட்டடத்துக்குள்

நுழைவாயிலில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் கலந்து நிற்கும் பள்ளியில், ஹானர்ஸ், ஏபி எனப்படும் உயர்தரப் பாட வகுப்பறைக் கதவைத் திறந்தால் காட்சி வேறாக இருக்கலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பதால், இந்தக் கோடு நமக்கு எளிதில் தென்படாது. குடிமை உரிமைத் தரவில் உங்கள் உயர்நிலைப் பள்ளியை எடுத்து, மொத்த மாணவர்களில் கறுப்பினத்தவர் எத்தனை விழுக்காடு, கால்குலஸில் எத்தனை, அதற்கு மாணவர்களை அனுப்பும் நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா படிப்போரில் எத்தனை என்று அருகருகே எழுதுங்கள். அல்ஜிப்ராதான் பூட்டு, எட்டாம் வகுப்பில் அதைத் தவறவிட்டவர், கோடையில் கூடுதலாகப் படிக்காவிட்டால், பள்ளி முடிவதற்குள் கால்குலஸை எட்டுவது கடினம். இடைநீக்க எண்ணிக்கையையும் விட்டுவிடாதீர்கள்: 2013–14இல் நாட்டின் மாணவர்களில் 15.5 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்தனர்.

கிஃப்ட்டட் எனப்படும் மீத்திறன் வகுப்புக்குப் பிள்ளைகள் எப்படித் தேர்வாகிறார்கள் என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிறகுதான் சோதனை என்றால், பரிந்துரை கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளே உள்ளே போவார்கள். தமிழ்ப் பெற்றோர் இதில் கெட்டிக்காரர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புளோரிடாவின் பிரோவர்ட் கவுண்டி 2005–06இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சோதனை வைத்தபோது, தகுதி வரம்பைத் தளர்த்தாமலேயே, கறுப்பின, லத்தீனோ, ஏழைப் பிள்ளைகள் முன்னைவிடக் கணிசமாக அதிக எண்ணிக்கையில் தேர்வானார்கள். உங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் சோதனை உண்டா, எந்த வகுப்பில், எந்த மொழியில் என்று கேளுங்கள். இவற்றை மாற்ற வாரிய வாக்கெடுப்புகூடப் பெரும்பாலும் வேண்டியதில்லை. மாவட்டப் பள்ளிகளின் நிர்வாகத் தலைவரான கண்காணிப்பாளரும் பள்ளி முதல்வரும் மனம் வைத்தால் போதும்.

சட்டம் எதை அனுமதிக்கிறது

சியாட்டில், லூயிவில் நகரங்களின் சேர்க்கைத் திட்டங்களைப் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு தனிப் பிள்ளையின் இனத்தைப் பார்த்து அவருக்கு இடம் தருவதையோ மறுப்பதையோ மாவட்டங்கள் செய்ய இயலாத நிலை வந்துவிட்டது. எனவே "கறுப்பினப் பிள்ளைகளுக்கு இத்தனை இடம்" என்று கோராதீர்கள்; மாவட்ட வழக்கறிஞர் அந்த ஒரு வாக்கியத்தைக் காட்டியே உரையாடலை நிறுத்திவிடுவார். அதே வழக்கில் நீதிபதி கென்னடி தனியாக எழுதிய கருத்தில், புதிய பள்ளியை எங்கே கட்டுவது, சேர்க்கை எல்லையை எப்படி வரைவது போன்ற பொதுவான முடிவுகளில் பகுதிகளின் மக்கள்தொகைத் தன்மையைக் கருத்தில் கொள்ளலாம் என்று வழிவிட்டிருந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம், பிள்ளையின் இனத்தைக் கேட்காமல், அவர் வாழும் சிறு வட்டாரத்தின் வருமானம், கல்வி, இனக் கலவை ஆகியவற்றை வைத்து இடம் ஒதுக்கிவருகிறது. அதை 2009இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. புரூக்ளினின் 15ஆம் மாவட்டம் 2019இல் நடுநிலைப் பள்ளிகளுக்கு மதிப்பெண் வடிகட்டலை நீக்கிக் குலுக்கலைக் கொண்டுவந்து, 52 விழுக்காடு இடங்களில் ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வீடற்ற பிள்ளைகள் ஆகியோருக்கு முன்னுரிமை தந்தது.

தமிழ்க் குடும்பங்கள் மிக நெருக்கமாக அறிந்த வழக்கு வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளி பற்றியது. 2020இல் அங்கே நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் முன்னணி 1.5 விழுக்காட்டினருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இது ஆசியருக்கு எதிரானது என்று தொடரப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் பள்ளி வாரியத்தின் பக்கம் நின்றது; 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை 2023இல் முடிவுக்குக் கொண்டுவந்த அதே நீதிமன்றம்தான் இது. ஆகவே, இனத்தைக் குறிப்பிடாத வழிகளுக்கு இப்போதைக்கு இடம் இருக்கிறது. அரசியல் காற்று மாறும்போது அந்த இடம் சுருங்கவும் கூடும்.

தென்மாநிலங்களில் இருப்பவர்கள், தம் மாவட்டம் இன்னும் பழைய பிரிவினை நீக்க ஆணையின் கீழ் உள்ளதா என்று விசாரிக்க வேண்டும். மிசிசிப்பியின் கிளீவ்லாந்து மாவட்டத்தில் 1965இல் தொடங்கிய வழக்கில், இரு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்க வேண்டும் என்ற உத்தரவு 2016இல்தான் வந்தது. மார்த்தா லம் படித்த ரோஸ்டேல் இருக்கும் அதே போலிவர் கவுண்டிதான் அது.

திட்டமிட்ட பாகுபாடு நடந்திருப்பதாக நம்பினால், கூட்டாட்சிக் குடிமை உரிமை அலுவலகத்தில் சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் புகார் அளிக்கலாம். 2025 மார்ச்சில் அதன் 12 வட்டார அலுவலகங்களில் ஏழு மூடப்பட்டன என்பதால், மாநிலக் கல்வித் துறையிலோ மாநிலக் குடிமை உரிமை அமைப்பிலோ இணையாக ஒரு புகாரைக் கொடுத்துவைப்பது விவேகம்.

வாரியக் கூட்டத்தில் பேசுவது

எச்1பி விசாவில் இருப்பவருக்கும் கூட்டத்தில் பேச உரிமை உண்டு. வாக்களிக்கத்தான், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக, குடியுரிமை வேண்டும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவார்கள்; முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குள் வரலாறு சொல்லப் போகாதீர்கள். ஒரு எண், ஒரு ஒப்பீடு, ஒரு கோரிக்கை: "இந்த எல்லை மாற்றக் குழு தரும் ஒவ்வொரு வரைபடத்தோடும், ஒவ்வொரு பள்ளியின் இனக் கலவையும் வறுமை விழுக்காடும் எவ்வளவு மாறும் என்ற அட்டவணையை வெளியிட வேண்டும்." கோரிக்கை இவ்வளவு சிறியதாக இருந்தால் மறுப்பது கடினம், அந்த அட்டவணை வெளிவந்த பிறகு விவாதத்தின் தன்மையே மாறிவிடும். கொடுக்க மறுத்தால் உங்கள் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். கூட்டாட்சித் தகவல் சட்டம் உள்ளூர் மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது.

பேசுவதற்கு முன், கோட்டின் மறுபக்கத்தில் இருக்கும் பெற்றோரைப் போய்ப் பாருங்கள். கறுப்பினப் பெற்றோர் எல்லோரும் தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பத்தான் விரும்புகிறார்கள் என்று எண்ணிக்கொள்வது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிழை. பிரவுன் தீர்ப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். வேலை இழந்தவர்கள் பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள். நீண்ட பேருந்துப் பயணம் செய்தவர்களும் பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே. தம் வட்டாரப் பள்ளியிலேயே இயற்பியல் ஆசிரியர் வேண்டும் என்பது அவர்களின் முதல் கோரிக்கையாக இருந்தால், உங்கள் தாளிலும் அதுதான் முதலில் வர வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தே எதிர்ப்பு வரும் என்பதற்கும் தயாராக இருங்கள். மேரிலாந்தின் ஹாவர்ட் கவுண்டியில் 2019இல் வறுமை விகிதத்தைச் சமன்செய்யும் நோக்கோடு ஆயிரக்கணக்கான மாணவர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்றும் திட்டம் வந்தபோது, எதிர்த்துத் திரண்டவர்களில் ஆசியப் பெற்றோரும் திரளாக இருந்தனர். "எங்கள் பிள்ளையின் படிப்பு கெடும், வீட்டு மதிப்பு விழும்" என்பதுதான் வழக்கமான வாதம். முதல் பாதிக்குப் பதில் இருக்கிறது: நீதிமன்ற ஆணையால் கலந்து படித்த தலைமுறையைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பொருளியலாளர் ரக்கர் ஜான்சன், கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பும் பிற்கால வருமானமும் உயர்ந்ததையும், வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு ஏதும் நேராததையும் கண்டார். இரண்டாம் பாதிக்கு அவ்வளவு எளிய பதில் இல்லை. பள்ளியின் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த அச்சம் உண்மையானது, அதை ஏளனம் செய்து எந்த வாக்கையும் பெற முடியாது. உயர் வகுப்பில் இருப்பவர்களும் அவர்களின் தம்பி தங்கையரும் பழைய பள்ளியிலேயே முடிக்கலாம் என்ற விதிவிலக்கு எதிர்ப்பைக் கணிசமாகத் தணிக்கும். ஆனால் அதற்குக் காலவரையறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விதிவிலக்கு திட்டத்தையே விழுங்கிவிடும்.

வாக்கெடுப்பு சாதகமாக முடிந்தாலும், அடுத்த இலையுதிர்கால மாணவர் கணக்கு வெளிவந்ததும் அதே கணக்கை மீண்டும் போடுங்கள். அப்போது ஹானர்ஸ் வகுப்புப் பட்டியலையும் சேர்த்தே கேட்க வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான கோடு தளரும் ஆண்டில், வகுப்பறைகளுக்கு இடையே புதிதாக ஒரு கோடு முளைப்பது வழக்கம். இவ்விரு எண்களையும் வாரியம் ஆண்டுதோறும் பொதுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதிக் கேளுங்கள்.